வேலை கற்றுக்கொடுத்தது நான், சம்பளம் கூட அவருக்கு

கேள்வி: சரக்குப் போக்குவரத்தைத் திட்டமிடும் பிரிவில் ஏழாவது ஆண்டாக வேலை பார்க்கிறேன். வயது 36. எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் அணியில் சேர்ந்த 29 வயது இளைஞருக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். வரிப் படிவம் நிரப்பத் தெரியவில்லை என்று போன மாதம் என்னிடம் வந்தார். படிவத்தோடு அவருடைய சம்பளச் சீட்டும் இருந்தது. என்னைவிடக் கால் பங்கு அதிகம்! அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. இரவெல்லாம் போனில் சம்பள ஒப்பீட்டுத் தளங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் பழையபடி பேச வரவில்லை. மணி அடித்தால் கிளம்பிவிடுகிறேன், கூடுதலாக எந்த வேலையையும் தொடுவதில்லை. வருஷத்துக்கு ஐந்து சதவீத உயர்வை வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்ட நான் ஒரு ஏமாளி என்று தோன்றுகிறது. மேனேஜரிடம் போய் நேருக்கு நேர் கேட்டுவிடட்டுமா, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடட்டுமா? இல்லை, என் தரமே அவ்வளவுதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. 'என் சம்பளம் நியாயமானதா?' என்பது ஒன்று. அதற்குக் கணக்கு இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆட்களும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். 'என் தரம் அவ்வளவுதானா?' என்பது இன்னொன்று. அதற்கான பதில் எச்.ஆர். துறையின் எந்தக் கோப்பிலும் கிடையாது. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு மேனேஜர் அறைக்குள் போனால், வாய் சம்பள உயர்வைக் கேட்கும், மனம் ஆறுதலைக் கேட்கும். அவருக்கும் ஆறுதல் சொல்வதுதான் சுலபம், செலவும் இல்லை. "நீங்கள் இல்லாமல் இந்த அணியே ஓடாதே" என்று சொல்லி அனுப்பிவிடுவார். நீங்களும் கண் கலங்கி வெளியே வருவீர்கள். சம்பளம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் பேச்சு பெரும்பாலும் கெட்டுப்போவது இப்படித்தான். அதனால் முதலில் கணக்கு, மனசு பிறகு.

அந்தச் சீட்டில் நீங்கள் பார்த்தது எந்த எண்? மொத்தச் சம்பளமா, பிடித்தம் போகக் கையில் வந்த தொகையா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சேரும் போனஸைச் சில நிறுவனங்கள் ஒரே தவணையாகத் தராமல் மாதாமாதம் பிரித்துத் தருகின்றன. அது முதல் ஆண்டுச் சீட்டில் தனி வரியாக நிற்கும், அடுத்த ஆண்டு காணாமல் போகும். இரவு ஷிஃப்ட் படி, பழைய மாதத்துப் பாக்கி, இட மாற்றப் படி எல்லாமே ஒரு மாதத்து எண்ணை ஊதிக் காட்டக்கூடியவை. உங்கள் பக்கம் ஆண்டு இறுதி போனஸ், ஓய்வூதியத்துக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, குடும்பத்துக்கான காப்பீடு, சேவை ஆண்டுகளால் கூடிய விடுப்பு ஆகியவை மாதச் சீட்டில் தெரியாமல் இருக்கலாம். அவருடைய மொத்தத் தொகையை உங்கள் கையில் வரும் தொகையோடு ஒப்பிட்டுவிட்டு இரவு முழுக்கப் புரண்டவர்கள் நிறையப் பேர். ஆகவே நிலையான ஆண்டுச் சம்பளத்தை நிலையான ஆண்டுச் சம்பளத்தோடு மட்டும் வைத்துப் பாருங்கள். இதற்காக மறுபடி அவர் சீட்டை எட்டிப் பார்க்க வேண்டாம். நினைவில் இருப்பதை ஒரு காகிதத்தில் எழுதி, எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தால் போதும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் கால் பங்கு வித்தியாசம் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படி வந்திருக்கும்? கணக்குக்காக, நீங்கள் சேர்ந்தபோது சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் ஆறு முறை உயர்ந்தால் இன்று 134. இதே வேலைக்கு வெளிச் சந்தையில் புது ஆளை எடுக்கும் விலை ஆண்டுக்கு 9 சதவீதம் ஏறியிருந்தால், அன்றைய 100 இன்று 168. 168-ஐ 134-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வரும். நீங்கள் பார்த்த அதே கால் பங்கு! இந்தக் கணக்கில் உங்கள் திறமையை யாரும் எடை போடவில்லை. அவருடைய திறமையையும் போடவில்லை. உள்ளே இருப்பவருக்குப் பட்ஜெட்டில் ஒதுக்கிய சதவீதம், வெளியிலிருந்து வருபவருக்கு அன்றைய சந்தை விலை. இரண்டும் வேறு வேறு பையிலிருந்து வருகின்றன, பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் முடிவு செய்கிறார்கள். சம்பள நிர்வாகத்தில் இதைச் சம்பள நெருக்கம் என்பார்கள். புதியவர் பழையவரைத் தாண்டிப் போய்விட்டால் தலைகீழ் என்பார்கள். ஒரே இடத்தில் ஐந்தாறு ஆண்டு இருந்து, வேலை சந்தையில் சூடுபிடித்த எவருக்கும் இது நேரும்.

யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதால் இது நியாயமாகிவிடாது. உங்கள் பிரிவின் சம்பளக் கணக்கை வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளி தெரியும். கேட்காதவரை திருத்த அவருக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

நியாயத்தை அளக்க அந்த இளைஞரின் சம்பளத்தைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஓரளவு ஒழுங்கான நிறுவனங்களில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு. பேண்ட் என்பார்கள். அதற்கு ஒரு நடுப்புள்ளி இருக்கும். வழக்கமாக வரம்பு நடுப்புள்ளியின் 80 சதவீதத்தில் தொடங்கி 120 சதவீதத்தில் முடியும். உங்கள் சம்பளத்தை நடுப்புள்ளியால் வகுத்தால் வரும் விகிதம்தான் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. நடுப்புள்ளி 155 என்றால் உங்களுடையது 134/155, அதாவது 0.86. அவருடையது 1.08. வேலையைக் கற்றுக்கொண்டிருப்பவர் 0.8, 0.9 பக்கம் இருப்பதும், முழுத் தேர்ச்சியோடு தனியாகச் செய்பவர் 1.0-ஐ ஒட்டி இருப்பதும்தான் பொதுவான நடைமுறை. ஏழாவது ஆண்டில், அடுத்தவருக்குப் பயிற்சி தரும் நிலையில், 0.86-இல் இருப்பதை எந்த எச்.ஆர். அதிகாரியாலும் சுலபமாக நியாயப்படுத்த முடியாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் இலக்கு 168 என்றால் நீங்கள் அந்த இளைஞரோடு மோதுகிறீர்கள். இலக்கு 155 என்றால் நிறுவனம் தானே எழுதி வைத்த விதியைக் காட்டிக் கேட்கிறீர்கள். இரண்டாவதுதான் கிடைக்கும்.

எச்.ஆர். துறைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: "என் பதவிக்கான சம்பள வரம்பையும், அந்த வரம்பில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எப்போது பேசலாம்?" கோபம் தெரியாத, பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி. வரம்பே வைத்திருக்காத சிறு நிறுவனம் என்றால் சந்தை விலையை நீங்களே திரட்ட வேண்டியிருக்கும்.

அதற்கு இரவில் பார்க்கும் ஒப்பீட்டுத் தளங்களை நம்ப வேண்டாம். அங்கே எண்களைப் பதிபவர்கள் தாங்களாக வந்து பதிபவர்கள். போனஸைச் சேர்த்தவரும் சேர்க்காதவரும், மூன்று வருஷத்துக்கு முன் பதிந்தவரும், அதே பதவிப் பெயரில் வேறு வேலை செய்பவரும் ஒரே சராசரியில் கலந்து கிடப்பார்கள். அதைவிட, சம்பள வரம்பை வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் வேலை விளம்பரங்களில் உங்கள் வேலைக்கு நிஜமாகவே பொருந்தும் நான்கைந்தை எடுத்து வையுங்கள். ஆட்சேர்ப்பு முகவர் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். வேறு நிறுவனங்களில் இதே வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். "உங்களுக்கு எவ்வளவு?" என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். "ஆறேழு வருஷ அனுபவத்துக்கு எந்த வரம்பு நியாயம்னு நினைக்கிறீங்க?" என்றால் மனம்விட்டுப் பேசுவார்கள். கிடைத்த எண்களில் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதை எடுங்கள்.

நீங்கள் பெண், அவர் ஆண் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் இருக்கிறது. ஒரே ஒரு ஆளை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மேலே சொன்ன நெருக்கக் கணக்கே முழு விளக்கமாகவும் இருக்கலாம். உங்களோடு அதே காலத்தில் சேர்ந்த ஆண்கள் எங்கே இருக்கிறார்கள், அண்மையில் சேர்ந்த பெண்களுக்கு எந்தச் சம்பளத்தில் ஆஃபர் போனது என்று பாருங்கள். பழைய ஆண்களும் உங்களைப் போலவே பின்தங்கியிருந்தால் சிக்கல் சேவைக் காலத்தில். பெண்கள் மட்டும் பின்னால் என்றால் விஷயமே வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை 1951-லேயே 'சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்' என்று சொல்லிவிட்டது. வேலை அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தேவைப்படும் திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் நான்கையும் வைத்து மதிப்பை ஒப்பிடலாம். பல நாடுகளின் சட்டங்கள் இதன் வழியே வந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், தன் பிரிவில் ஆண், பெண் சராசரி ஊதியம் என்ன என்று எழுத்தில் கேட்கும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. பெண்கள் மட்டும் பின்தங்கும் போக்கு தெரிந்தால் மேனேஜரோடு பேசுவதற்கு முன்பே தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள். தேதிகளும் ஆவணங்களும் அங்கே முக்கியம். புகார் கொடுக்கக் காலக்கெடுவும் இருக்கும்.

அந்தச் சிக்கல் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

மேனேஜரைச் சந்திக்கும் முன் ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். இரண்டாவது பக்கத்தை யாரும் படிப்பதில்லை. மேல் பாதியில், சேர்ந்தபோது உங்கள் வேலை என்ன, இன்று என்ன என்று எழுதுங்கள். எத்தனை வழித்தடம், எத்தனை வண்டி, எத்தனை வாடிக்கையாளர், யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதெல்லாம் வர வேண்டும். அதன் கீழே மூன்று அல்லது நான்கு விளைவுகள். "கடுமையாக உழைத்தேன்" என்பது விளைவில் சேராது. "காலியாகத் திரும்பும் வண்டிகள் 18 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தன, இந்த ஆண்டு தாமதக் கட்டணம் பாதியானது" என்பது விளைவு. எண் கையில் இல்லாவிட்டால் அறிக்கைகளைத் தோண்டி எடுங்கள், அதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. கடைசியில் சம்பள வரம்பு, அதில் உங்கள் இடம், நீங்கள் கேட்கும் எண். குடும்பச் செலவு, கடன், பிள்ளைகளின் படிப்பு எதுவும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. அவை உண்மைதான். ஆனால் சம்பளத்தை முடிவு செய்பவர் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட முடியாத காரணங்கள் அவை. நீங்கள் எழுதும் பக்கம் உங்கள் மேனேஜர் மேலே எடுத்துப் போய் வாதாடுவதற்கானது. அவர் பெரும்பாலும் தனியாக முடிவு செய்ய முடியாத ஆள்.

எப்போது கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். இன்கிரிமென்ட் கடிதம் கைக்கு வந்த பிறகு கேட்டால் அந்த ஆண்டுப் பணம் பங்கு போட்டு முடிந்திருக்கும். கடிதம் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொகைகள் முடிவாகிவிடும், பேச்சு அதற்கும் முன்னால் நடந்திருக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டது என்றால், ஆண்டு உயர்வுக்குக் காத்திராமல் இடையிலேயே செய்யும் 'சுழற்சிக்கு வெளியே ஊதியத் திருத்தம்' கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே பல இடங்களில் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருப்பார்கள். 134-லிருந்து 155-க்குப் போக ஏறக்குறைய 16 சதவீதம் வேண்டும். ஒரே தடவையில் தயங்கினால் இரண்டு தவணை கேட்கலாம். இப்போது 8 சதவீதம், பிறகு 7 சதவீதம் என்றால் 155-ஐத் தொட்டுவிடும். ஆனால் இரண்டாவது தவணை ஆறு மாதத்துக்குள் வந்தாக வேண்டும். ஒரு வருஷம் தள்ளிப்போனால் நடுப்புள்ளியும் மேலே நகர்ந்துவிடும், நீங்கள் ஓடி ஓடியும் 1.0-ஐத் தொடாமல் 0.95 பக்கமே நிற்பீர்கள். அந்த 7 சதவீதம் வழக்கமான ஆண்டு உயர்வுக்கு மேல் தருவதா, அதையும் சேர்த்தா என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள். சேர்த்துத்தான் என்றால் நிஜமான திருத்தம் 2 சதவீதம் மட்டுமே.

பேச்சு இப்படிப் போகலாம்:

"என் சம்பளம் பற்றிப் பேசத்தான் நேரம் கேட்டேன் சார். இந்தப் பதவியின் வரம்பில் நான் 0.86-இல் இருக்கிறேன். வேலையைப் பொறுத்தவரை நடுப்புள்ளிக்கு உரிய பொறுப்பு என்னிடம் இருக்கிறது, விவரம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. 155-க்குத் திருத்த வேண்டும் என்று கேட்கிறேன்."

இங்கே நிறுத்திவிடுங்கள். அடுத்து வரும் மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். "இல்ல சார், முடிஞ்சா பாருங்க" என்று நீங்களே உங்கள் எண்ணைக் குறைத்துக்கொள்வது அந்த ஐந்து நொடியில்தான் நடக்கும்.

"இப்ப பட்ஜெட் இல்லையேம்மா" என்பார் அவர்.

"சரி சார். திருத்தம் நியாயம்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்களா, இல்லை அதிலேயே உங்களுக்கு மறுப்பு இருக்கிறதா?"

இந்தக் கேள்வி மிக முக்கியம். பணம் இல்லை என்பதும் தகுதி இல்லை என்பதும் வேறு வேறு பதில்கள். இரண்டையும் குழப்பி ஒரே 'பார்க்கலாம்' ஆக்கிவிடத்தான் எல்லோரும் விரும்புவார்கள். நியாயம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டால் யார் முடிவு செய்வார், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். இல்லை என்றால், எந்தெந்த வேலையை எந்த அளவில் செய்தால் தகுதி வரும் என்று எழுத்தில் கேளுங்கள். "நீங்கள் வரம்பின் உச்சியில் இருக்கிறீர்கள்" என்ற பதில் வந்தால் சம்பளம் கேட்டுப் பயனில்லை, பதவி உயர்வுதான் கேட்க வேண்டும். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியதற்கு நன்றி. 155-க்குத் திருத்தும் கோரிக்கையை எச்.ஆர். துறைக்கு அனுப்பி, இம்மாதம் 30-க்குள் பதில் சொல்வதாகக் கூறினீர்கள். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் தெரிவியுங்கள்." எழுதி வைக்காத வாக்குறுதி மேனேஜர் மாறும்போது அவரோடு போய்விடும்.

பேச்சில் அந்த இளைஞரின் பெயரை எடுக்கவே கூடாது. நம்பி நீட்டிய காகிதத்தில் பார்த்த எண் அது என்பது ஒரு காரணம். தந்திரமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். பெயர் வந்த நொடியில் பேச்சு 'அவருக்கு எவ்வளவு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற இடத்துக்குத் தாவிவிடும். பிறகு உங்கள் ஒரு பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதையே குற்றம் போல நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. சட்டம் எல்லா இடத்திலும் அவர்கள் பக்கம் இல்லை. அமெரிக்காவில் தனியார் துறையின் பெரும்பாலான ஊழியர்களுக்கு 1935 முதலே அந்த உரிமை உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் உங்கள் வாதத்துக்கு அவர் தேவையே இல்லை.

மணி அடித்தால் கிளம்புவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1963-இல் சமநீதிக் கோட்பாடு என்று ஒன்றை முன்வைத்தார். நாம் போடுவதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை மற்றவருடைய விகிதத்தோடு ஒப்பிடுகிறோம். குறைவு என்று பட்டால், பெறுவதைக் கூட்ட முடியாதபோது போடுவதைக் குறைத்துக்கொள்கிறோம். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் காரமானது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதச் சம்பள வெட்டு. ஓர் ஆலையில் காரணத்தை விரிவாக, வருத்தத்தோடு விளக்கினார்கள். மற்றதில் பேருக்கு இரண்டு வார்த்தை. இரண்டிலும் திருட்டு கூடியது, ஆனால் விளக்கம் கிடைக்காத ஆலையில் மிக அதிகமாக. தொகை குறைந்ததைவிட, ஒரு விளக்கத்துக்குக்கூட நாம் லாயக்கில்லையா என்பதுதான் ஆளைச் சுடுகிறது. உங்களுக்கும் யாரும் எதையும் விளக்கவில்லை. ஆகவே உங்கள் கோபத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் வேலையைக் குறைப்பது உங்கள் கணக்கையே கெடுக்கும். இந்த இரண்டு மூன்று மாதத்து எண்கள்தான் மேனேஜர் கையில் இருக்கப்போகின்றன. கூலி இல்லாத கூடுதல் மணிநேரத்தை நிறுத்துங்கள், அது சரியான முடிவு. உங்கள் பெயரில் நிற்கும் விளைவுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. பணம் முக்கியமில்லை, மனநிறைவுதான் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஆண்டுக்கு 21 புள்ளி உங்கள் வீட்டுக்கு வராமல் போகிறது, அது நிஜமான இழப்பு. ஆனால் சீட்டைப் பார்ப்பதற்கு முந்தின நாளை நினைத்துப் பாருங்கள். அன்றும் சம்பளம் இதேதான், வேலையும் இதேதான். உங்களை நீங்கள் தரம் குறைந்தவர் என்று நினைக்கவில்லை. மாறியது ஒரே ஒரு தகவல். தகவல் சம்பளத்தைப் பற்றியது, நீங்கள் தீர்ப்பு எழுதியது உங்களைப் பற்றி.

லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் சொன்னபடி, சரியான அளவுகோல் கையில் இல்லாதபோது நம்மைப் போன்ற இன்னொருவரை வைத்து நம்மை அளக்கிறோம். நிறுவனத் தலைவரின் சம்பளம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, பக்கத்து நாற்காலி கெடுத்துவிட்டது. இது உங்கள் பலவீனம் அல்ல. 1998-இல் சால்னிக், ஹெமன்வே என்ற இருவர் நடத்திய கருத்தாய்வில், மற்றவர்கள் 25,000 டாலர் சம்பாதிக்கும் உலகில் 50,000 வேண்டுமா, மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்கும் உலகில் 1,00,000 வேண்டுமா என்று கேட்டார்கள். பொருட்களின் விலை இரண்டு உலகிலும் ஒன்றே. அப்படியும் ஏறக்குறையப் பாதிப் பேர் முதலாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்களுக்கு மிகவும் பொருந்துவது கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் டேவிட் கார்டும் மற்ற மூவரும் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு. சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்க ஓர் இணையதளம் இருப்பதைச் சிலருக்கு மட்டும் சொன்னார்கள். பிரிவின் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேலைத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களுக்கு என்ன கூடியது தெரியுமா? ஒன்றும் இல்லை. கீழே இருந்தால் வலிக்கிறது, மேலே இருந்தால் இனிப்பதில்லை. நாளைக்கே 155 கிடைத்தால் கணக்கு நேராகும், ஆனால் 'என் தரம்' என்ற கேள்விக்கு அது பதில் தராது. உங்களைப் போன்றவர் யார் என்பதும் கூடவே மாறிவிடும், அந்த ஆள் 175 வாங்குவார். சம்பள உயர்வை மனசுக்கான மருந்தாக எதிர்பார்க்காதீர்கள், வீட்டு வரவாக எதிர்பாருங்கள்.

ஜெனிஃபர் குரோக்கரும் கோனி உல்ஃபும் 2001-இல் எழுதியது இங்கே உதவும். ஒவ்வொருவரும் தன் மதிப்பைச் சில துறைகளின் மேல் கட்டி வைத்திருக்கிறோம், எதன் மேல் கட்டினோமோ அதில் அடி விழும்போதுதான் ஆட்டம் காண்கிறது என்றார்கள். உங்களுக்கு ஒரு எழுத்து வேலை தருகிறேன். தன்னம்பிக்கை வாசகம் எதையும் எழுத வேண்டாம். கடந்த ஓராண்டில், சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் மாறாத விதத்தில் நன்றாகச் செய்தவை ஐந்து. வேலையில் இரண்டு, வெளியே மூன்று. தேதியோடு, யார் பயன்பெற்றார் என்பதோடு எழுதுங்கள். 'நல்ல அம்மா' என்று எழுதினால் செல்லாது, என்றைக்கு என்ன செய்தீர்கள் என்று இருக்க வேண்டும். வெளியே மூன்று வரவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். எல்லாப் பாரத்தையும் ஒரே தூணில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒப்பீட்டுத் தளங்களைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். சந்தை விலை பார்க்க ஆண்டுக்கு இரண்டு நாள் போதும்: பட்ஜெட் முடிவாவதற்கு முன் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. பகலில், மேசையில் உட்கார்ந்து, குறிப்பேட்டோடு. படுக்கையில் பார்ப்பது ஆராய்ச்சியில் சேராது. நார்வேயில் குடிமக்களின் வருமான விவரம் 2001 முதல் இணையத்தில் தேடக் கிடைத்தது. யார் தேடினார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரியும்படி 2014-இல் விதி மாறியதும் தேடல்கள் சரசரவென்று குறைந்துபோயின. தேவைக்காகப் பார்த்தவர்கள் எவ்வளவு குறைவு என்று பாருங்கள்!

தூக்கமின்மையை மட்டும் சாதாரணமாக விட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், காலையில் எழுவதே பாரமாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சம்பளப் பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே.

அந்த இளைஞர் உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் அந்த எண்ணைச் சொன்னது எச்.ஆர்., அவர் சம்மதித்தார், அவ்வளவே. அவர் சம்பளத்தைக் குறைத்தால் உங்களுக்கு ஒரு காசு கூடாது. சொல்லப்போனால் சந்தை விலை இவ்வளவு என்பதற்கு உங்கள் அலுவலகத்திலேயே உயிருள்ள சாட்சி அவர்தான். எல்லாவற்றையும் அவரிடம் கொட்ட வேண்டாம். வேலை விஷயத்தில் பழையபடி பேசுங்கள், வராவிட்டாலும் பேசுங்கள், இரண்டு வாரத்தில் தானாக வரும். இனிமேல் பயிற்சி கொடுப்பது உங்கள் பணிக் குறிப்பில் எழுதப்பட வேண்டும் என்று மட்டும் மேனேஜரிடம் கேளுங்கள்.

ராஜினாமாவை இன்று எழுத வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பிய நாளிலிருந்து 90 நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தேதியும் எண்ணும் எழுத்தில் வராவிட்டால் வெளியே தேடத் தொடங்குங்கள். கையில் இல்லாத ஆஃபரை இருப்பதாகக் காட்டி மிரட்டாதீர்கள். "சரி, போங்கள்" என்றால் போக வேண்டியிருக்கும். நிஜமான ஆஃபர் வந்த பிறகு இங்கே எதிர் ஆஃபர் கொடுத்தால், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஏன் போக நினைத்தீர்கள் என்ற காரணங்களை எடுத்து வைத்து, சம்பளம் தவிர எது மாறும் என்று கேளுங்கள். விசுவாசம் குறைந்தவர் என்ற முத்திரை விழுந்துவிட்டால் அடுத்த ஆண்டு உயர்வு மறுபடி 5 சதவீதமாகிவிடும்.

புதிய இடத்தில் "இப்போது என்ன சம்பளம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். 134 என்று சொன்னால், அதன் மேல் பத்துப் பதினைந்து சதவீதம் வைத்து ஆஃபர் வரும். ஏழாண்டுப் பின்னடைவு உங்களோடு அந்த அலுவலகத்துக்கும் வந்துவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2018 முதல் ஆஃபர் தருவதற்கு முன் வேலைக்கு வருபவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தடை உள்ளது. ஐரோப்பிய நெறிமுறையும் அதைத் தடுக்கிறது. தடை இல்லாத இடத்தில் பொய் சொல்ல வேண்டாம், சம்பளச் சீட்டுக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். "இந்தப் பொறுப்புக்கு 165 முதல் 175 வரை எதிர்பார்க்கிறேன். உங்கள் வரம்பு என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். விடாமல் கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டு உடனே, "அது ஏழாண்டுக்கு முன் சேர்ந்தபோது முடிவான அடிப்படையில் வருவது, இந்தப் பதவியின் சந்தை விலையோடு அதற்குத் தொடர்பில்லை" என்று சேர்த்துச் சொல்லுங்கள். தேடிப் போவதற்கு முன் இந்த இரண்டு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சில தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.